மேஜர் கரோலின்

லின்வால் கிராண்டிசன், கல்லில் கால் இடித்துக்கொண்டால் கல்லிடம் மன்னிப்புக் கேட்கிற ஆள். அப்பேர்ப்பட்டவனுக்கு மேடையில் மேஜர் கெரோசின் என்று பெயர். பட்டாளத்து வாசலைக்கூட அவன் மிதித்ததில்லை. கிங்ஸ்டனில், தாளத்தின்மேல் பேசுகிற மாதிரி பாடும் டான்ஸ்ஹால் பாட்டுக்கு வருகிறவர்கள் ஜெனரல், கர்னல், கேப்டன் என்று ஏதாவது ஒரு பதவியைத் தாங்களே எடுத்துக்கொள்வது வழக்கம். லின்வால் வந்து சேர்ந்தபோது மேஜர்தான் காலியாக இருந்தது. கெரோசின் மட்டும் நிஜம். பாட வருவதற்கு முன்னால் ஆறு வருஷம் பெட்ரோல் பங்கில் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தான்.

பதினோரு வருஷத்தில் இருபத்தாறு பாட்டுப் பதிவு செய்திருந்தான். எல்லாமே நெருப்பு. ‘கொளுத்திப் போடுவேன்’, ‘சாம்பல்கூட மிஞ்சாது’, ‘தீக்குச்சி என் கையிலே’. ஒரே தாளத்தின்மேல் இருபது பேர் ஆளுக்கொரு பாட்டுப் பாடி, இருபதையும் சேர்த்து வெளியிடுவது அங்கே தொழில்முறை. அந்த இருபதில் லின்வாலின் பாட்டு எப்போதும் பதினேழாவது அல்லது பதினெட்டாவது. தெருவில் ஆளுயர ஸ்பீக்கர் அடுக்கி ரெக்கார்டு போடுகிறவர்கள் பதினாறாவதோடு அலுத்துப்போய்த் தாளத்தை மாற்றிவிடுவார்கள்.

வீடு போர்ட்மோரில். வீட்டை நடத்தியது மனைவி மார்வலின். வரி அலுவலகத்தில் நாலாம் நம்பர் ஜன்னலில் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறவள். கணவன் எழுதிவரும் பாட்டுகளை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஒரு பார்வை பார்த்துத் தருவாள். “ஊரையே கொளுத்துவேங்கற, அப்புறம் நாளைக்குக் காலைல அதே ஊருக்குள்ள நடந்து வர்றேங்கற. எப்படி வருவ? இதுல ஒண்ண எடுத்துடு” என்பாள். அவன் எடுத்துவிடுவான்.

அவனுக்கு மேனேஜராக ஒருத்தன் இருந்தான். ஃபேஸி என்று பெயர். பழைய வெள்ளைக் கார் ஒன்றுதான் அவனுடைய ஆபீஸ். ஜனவரி மாதம் ஒருநாள், காரமசாலா தடவிய ஜெர்க் சிக்கன் சுடுகிற தகர டிரம்மோரமாகக் காரை நிறுத்திவிட்டு, எலும்பைக் கடித்துக்கொண்டே விஷயத்தை ஆரம்பித்தான்.

“பிரதர், உன்கிட்ட என்ன குறைன்னு கண்டுபிடிச்சிட்டேன்.”

“குரலா?”

“குரல யாரு கேக்கறா? உன்மேல ஒரு கேஸ்கூட இல்ல.”

“நான் ஒண்ணும் பண்ணலையே, ஃபேஸி.”

“அதத்தான் சொல்றேன்! பதினோரு வருஷமா ஒண்ணுமே பண்ணாம இருந்திருக்க. வெக்கமா இல்ல? போஸ்டர்ல உன் பேருக்குக் கீழ என்னத்தப் போடுவேன்? வரி ஒழுங்கா கட்டறவர்னா?”

லின்வாலுக்கு உண்மையிலேயே வெட்கமாகத்தான் இருந்தது. வரி கட்டாமல் அவனால் எப்படி இருக்க முடியும்? ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதே அவன் பெண்டாட்டி.

ஃபேஸி திட்டத்தை விளக்கினான். மேடையில் கெட்ட வார்த்தை பேசுவது அந்த நாட்டில் சட்டப்படி குற்றம். அதற்கென்றே ஒவ்வொரு கச்சேரியிலும் மேடை ஓரத்தில் போலீஸ் நோட்டுப் புத்தகத்தோடு நிற்கும். பெரிய பாடகர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது அந்த நோட்டில் ஏறியவர்கள். கோர்ட்டுக்குப் போனால் அபராதம் பொரித்த மீன் சாப்பாட்டு விலைக்குமேல் ஒன்றும் பெரிதாக வராது. ஆனால் மறுநாள் பேப்பரில் படம், ரேடியோவில் விவாதம், பாதிரியார்களின் கண்டனம். அதற்குப் பிறகு மூன்று வருஷத்துக்குக் கச்சேரிக்குக் குறைவிருக்காது.

“ஒரே ஒரு வார்த்தைதான். மூச்சு விடற நேரம்” என்றான் ஃபேஸி.

அங்கே பெரிய கெட்ட வார்த்தைகள் எல்லாமே துணியில் முடிகிறவை. அழுக்குத் துணி, அந்த இடத்துத் துணி, இந்த இடத்துத் துணி என்று ஒரு சலவைக்காரர் பட்டியல் மாதிரி இருக்கும். அதில் ஆகப் பெரிதான ஒன்றை ஃபேஸி தேர்ந்தெடுத்தான். லின்வால் அதைப் பிறர் வாயால் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறான், தன் வாயால் ஒருதடவைகூடச் சொன்னதில்லை.

ஆறு வாரம் பயிற்சி நடந்தது. காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, கடலை ஒட்டிய சாலையில் போய் வந்தார்கள்.

“சொல்லு.”

லின்வால் சொன்னான்.

“இது என்னடா, கடைல போய் அரை மீட்டர் குடுங்கன்னு கேக்கற மாதிரி இருக்கு? வயித்துலேருந்து வரணும். உன்ன ஒருத்தன் ஏமாத்திட்டான்னு வச்சிக்க.”

“யாரு?”

“யாராவது! நான்னே வச்சிக்க.”

“நீ ஏன்ப்பா ஏமாத்தப் போற?” என்று லின்வால் பதறினான்.

ஃபேஸி கண்ணைச் சாலையிலேயே வைத்துக் காரை ஓட்டினான். கணக்குப்படி அவன் லின்வாலை வருஷத்துக்கு இரண்டு தடவையாவது ஏமாற்றியிருந்தான்.

கச்சேரி மார்ச் மாதம், செயின்ட் மேரி பக்கம் ஒரு கிரிக்கெட் மைதானத்தில் நடந்தது. பெரிய பெயர்கள் விடிய விடியப் பாடும். அறியாத பெயர்களை வெயில் இருக்கும்போதே ஏற்றி இறக்கிவிடுவார்கள். லின்வாலுக்குக் கொடுத்த நேரம் மாலை ஐந்தேகால். மைதானத்தில் சூப் அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்த பெண்கள், ஐஸ் இறக்கிக்கொண்டிருந்த ஆட்கள், சீக்கிரம் வந்து தொலைத்த ஒரு குடும்பம், நாலு ஆடு, அவ்வளவுதான் கூட்டம். மேடை ஓரத்தில் கார்ப்பரல் பிராம்ஃபீல்ட் என்ற பெண் போலீஸ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டில் தேதி எழுதிக்கொண்டிருந்தார். வயது ஐம்பதிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் உபதேசம் செய்கிறவர்.

லின்வால் இரண்டு பாட்டைக் கொளுத்தி முடித்தான். மூன்றாவதில் தாளம் நின்று ஒரு இடைவெளி வரும். அங்கேதான் வார்த்தை. இடைவெளி வந்தது. லின்வால் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். அந்த நேரம் பார்த்து ஐஸ் லாரி ரிவர்ஸ் எடுத்தது. டிரைவர் விடாமல் ஹார்ன் அடித்தார்.

மேடைக்குக் கீழே ஃபேஸி தலையில் அடித்துக்கொண்டு, மறுபடி சொல் என்று கையைச் சுற்றினான். லின்வால் மறுபடி சொன்னான். பயத்தில் மைக்கை வாயைவிட்டு ஒரு முழம் தள்ளிப் பிடித்திருந்தான். ஒரு ஆடு மட்டும் திரும்பிப் பார்த்தது.

கார்ப்பரல் பிராம்ஃபீல்ட், ஏதோ தன்னைக் கூப்பிட்டது போலிருக்கிறதே என்று எழுந்து மேடையேறி வந்தார். “என்னப்பா, ஏதாவது வேணுமா? துணின்னு என்னவோ சொன்னியே. முகம் துடைக்கவா?”

பெரியவர் ஒருவர் கேட்டால் பதில் சொல்லாமல் இருந்து லின்வாலுக்குப் பழக்கமில்லை. குனிந்து, அவர் காதோரமாக, தெளிவாக, மரியாதையாகச் சொன்னான்.

கார்ப்பரல் பிராம்ஃபீல்ட் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். பிறகு நோட்டைத் திறந்தார். “முப்பது வருஷ சர்வீஸ்ல எவ்வளவோ ரவுடிங்களப் பாத்திருக்கேன். ஒருத்தன்கூடக் காதுகிட்ட வந்து சொன்னதில்ல. நட ஸ்டேஷனுக்கு!”

ஃபேஸி ஆனந்தத்தில் குதித்தான். லின்வால் போலீஸ் ஜீப்பில் ஏறும்போது, மழை வரும் போலிருந்தபடியால், கார்ப்பரலுக்கு முதலில் கதவைத் திறந்து விட்டான்.

வழக்கு பதினைந்து நாள் கழித்து வந்தது. மார்வலினிடம் அதுவரை, “மேடையில வாய் தவறிடுச்சு” என்றுதான் சொல்லி வைத்திருந்தான். அவள் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை அவனிடம் கொடுத்து, “வாய் தவறுச்சா? உனக்கா? சரி, போய்ட்டு வா, ராத்திரி பேசிக்கலாம்” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

கடலோரத்துச் சின்னக் கோர்ட் அது. பின் பெஞ்சுகளில் ஆடு திருடியவர்கள், லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டியவர்கள் என்று முப்பது நாற்பது பேர். ஃபேஸி பேப்பர்காரன் ஒருவனையும் கூட்டிவந்து உட்கார வைத்திருந்தான். ‘குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்’ என்று சொல்லிவிட்டு, அபராதத்தைக் கட்டிவிட்டு, வாசலில் படம் எடுத்துக்கொண்டு மதியத்துக்குள் கிளம்பிவிடலாம் என்பது ஏற்பாடு.

நீதிபதி அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக் குற்றப்பத்திரிகையைப் படித்தார். “இன்ன நாளில் இன்ன மைதானத்தில் குற்றம் சாட்டப்பட்டவர், ‘மேற்படி வார்த்தை’யைச் சொன்னார்னு இருக்கு. மேல எங்கயும் ஒரு வார்த்தையும் இல்லையே. எந்த வார்த்தை, கார்ப்பரல்?”

“கெட்ட வார்த்தை, யுவர் ஆனர்.”

“அது தெரியுது. எது?”

“பெரிசு, யுவர் ஆனர்.”

“கார்ப்பரல், சாட்சி அந்த வார்த்தையச் சொன்னாத்தான் அது ஆபாசமா இல்லையான்னு நான் முடிவு பண்ண முடியும்.”

“மன்னிக்கணும், யுவர் ஆனர். போன ஞாயித்துக்கிழமைதான் இந்த வாயால நற்கருணை வாங்கினேன். வேலையே போனாலும் சரி, அத நான் சொல்லவும் மாட்டேன், எழுதவும் மாட்டேன்.”

பின் பெஞ்சிலிருந்து ஒரு ஆடு திருடியவர், “ஆமென்!” என்றார்.

“வேற சாட்சி?”

வேறு சாட்சி இல்லை. அந்த மைதானத்தில் வார்த்தையைக் கேட்டது கார்ப்பரல் ஒருத்தர்தான்.

“குற்றம் சாட்டப்பட்டவர் ஒத்துக்கறேன்னு சொல்றார். ஆனா எத ஒத்துக்கறார்னு எனக்கே தெரியாம நான் எப்படி அபராதம் போடறது?” நீதிபதி பேனாவை எடுத்தார். “வழக்கு தள்ளு...”

லின்வால் திரும்பிப் பார்த்தான். ஃபேஸி இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டிருந்தான். பேப்பர்காரன் பையை மூட ஆரம்பித்திருந்தான். ஆறு வாரப் பயிற்சி, பதினோரு வருஷம், இருபத்தாறு பாட்டு எல்லாம் அந்தப் பேனா முனையில் தொங்கிக்கொண்டிருந்தது. எதையாவது உண்மையிலேயே கொளுத்த வேண்டும்போல அவனுக்குத் தோன்றியது அதுதான் முதல் தடவை.

“யுவர் ஆனர், ஒரு நிமிஷம். நானே சொல்லிடறேன்.”

சொன்னான். ஃபேஸி கேட்டபடி வயிற்றிலிருந்து வந்தது. மின்விசிறிச் சத்தம் தவிர வேறு சத்தமில்லாத அந்த அறையில், அது சுவரில் மோதித் திரும்பி வந்து, எல்லோருக்கும் இரண்டாம் தடவையும் கேட்டது. பின் பெஞ்சுகள் எழுந்து நின்றன. லைசென்ஸ் இல்லாதவர்கள் பெஞ்சைத் தட்டினார்கள். “திருப்பிப் போடு! திருப்பிப் போடு!” என்று, பிடித்த பாட்டை மறுபடி கேட்கிற கூட்டம்போல ஒருவர் கத்தினார். பதினோரு வருஷத்தில் லின்வாலைப் பார்த்து ஒருவர் அப்படிக் கத்தியது அன்றைக்குத்தான்.

கார்ப்பரல் பிராம்ஃபீல்ட் கண்ணை மூடி ஜெபம் செய்தார். நீதிபதி அம்மாள் கோர்ட் அவமதிப்பு என்று அபராதம் போட்டு, கோர்ட் கலையும்வரை லாக்கப்பில் வைக்கச் சொன்னார். லாக்கப்பில் ஆடு திருடியவர் அவனுக்குத் தன் ரொட்டியில் பாதியைக் கொடுத்தார். லின்வால் மகிழ்ச்சியோடு சாப்பிட்டான்.

மறுநாள் காலை ஃபேஸி பத்து பேப்பர் வாங்கிக்கொண்டு போர்ட்மோருக்கு வந்தான். முதல் பக்கம் முழுக்க, வடகரை ஹோட்டல் ஒன்றின் நீச்சல் குளத்தில் இறங்கிவிட்ட ஒரு முதலை. இரண்டாம் பக்கம் முதலை பற்றி மந்திரி சொன்னது. மூன்றாம் பக்கம், முதலையோடு குளித்ததாகச் சொல்லிக்கொண்ட ஒரு சுற்றுலாப் பயணி. புரட்டிக்கொண்டே போனார்கள். பதினேழாம் பக்கத்தில், மரண அறிவிப்புகளுக்கும் ஃப்ரிட்ஜ் விளம்பரத்துக்கும் நடுவில் ஐந்து வரி இருந்தது.

பேப்பர்காரன் செய்தியை ஃபோனில் சொல்லியிருக்கிறான். லைன் சரியில்லை. ஆபீஸில் யாரோ காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார்கள். ‘டான்ஸ்ஹால் பாடகி மேஜர் கரோலின் நேற்று திறந்த கோர்ட்டில் நீதிபதியை நோக்கி ஆபாச வார்த்தை கூறினார். அவர் கோர்ட் கலையும்வரை காவலில் வைக்கப்பட்டார்.’ படம் இல்லை.

“பாடகியா?” என்றான் லின்வால்.

மார்வலின் பேப்பரை வாங்கி ஒரு தடவை படித்தாள். பிறகு சமையலறைக்குப் போய்விட்டாள். உள்ளேயிருந்து அவள் சிரிக்கிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. ஃபேஸி பத்து பேப்பரையும் அங்கேயே விட்டுவிட்டுப் போனான்.

முதலையை மூன்றாம் நாள் பிடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ரேடியோவில் பேச விஷயம் இல்லாமல் போனதும், யாரோ பதினேழாம் பக்கத்தைக் கண்டுபிடித்தார்கள். ஒரு பொம்பளை! நீதிபதியை! நேருக்கு நேராக! பாதிரியார்கள் சங்கம் கண்டித்தது. பெண்கள் சங்கம் ஒன்று, பாதிரியார்களைக் கண்டித்தது. ஆண்கள் சொன்னால் சிரிக்கிறீர்கள், ஒரு பெண் சொன்னால் மட்டும் வலிக்கிறதோ என்று கேட்டது. பல்கலைக்கழகத்து விரிவுரையாளர் ஒருவர், மேஜர் கரோலினின் ஆரம்பகாலப் பாடல்களிலேயே இந்தக் கலகக் குரல் இருந்தது என்று நாற்பது நிமிஷம் பேசினார். அந்தப் பாடல்களை எங்கே கேட்டார் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

ஃபேஸியின் ஃபோன் ஓயாமல் அடித்தது. அவன் யாரிடமும் பொய் சொல்லவில்லை. “மேஜர் கரோலின் மேனேஜர்தானே?” என்று கேட்டார்கள். “மேஜரோட மேனேஜர்தான்” என்று பதில் சொன்னான். மொரன்ட் பே என்ற ஊரில் ஈஸ்டர் திங்கட்கிழமை மதியக் கச்சேரி ஒன்றுக்கு முன்பணமும் வாங்கிவிட்டான். பிறகுதான் போர்ட்மோருக்கு வந்தான்.

“பிரதர், நீ மேடை ஏறி நடந்தத அப்படியே சொல்லு. நான்தான் அந்த மேஜர், பேப்பர்ல தப்பாப் போட்டுட்டாங்கன்னு. ஜனங்க சிரிப்பாங்க. சிரிச்சா நம்ம பக்கம் வந்துருவாங்க.”

“சிரிக்கலன்னா?”

“சிரிக்கலன்னா ஓடற மாதிரி ஷூ போட்டுக்க.”

“நானும் வர்றேன்” என்றாள் மார்வலின். “ஈஸ்டருக்கு எனக்கு லீவுதான். இவன் முகத்தப் பாரு, இப்பவே வேர்க்குது.”

மொரன்ட் பேயில் நாலாயிரம் பேர் கூடியிருந்தார்கள். பந்தல் வாசலில் போஸ்டர். நீதிபதியின் மர சுத்தியலை ஓங்கிக்கொண்டு ஒரு பெண்ணின் நிழலுருவம், கீழே ‘யாருக்கும் அஞ்சாத மேஜர் கரோலின்!’ லின்வால் அதைப் பார்த்துவிட்டுக் குடித்த தண்ணீரைக் கக்கினான்.

அறிவிப்பாளர் பெயரைச் சொன்னதும் எழுந்த கூச்சலில் மேடைப் பலகை அதிர்ந்தது. லின்வால் நடந்து வந்து மைக்கைப் பிடித்தான். கூச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

“எல்லாருக்கும் வணக்கம். நான்... நான்தான் மேஜர்.”

“நீ யாருய்யா?” என்றது முன்வரிசை.

“பேப்பர்ல ஒரு சின்ன எழுத்துப் பிழை...”

“கரோலின் எங்க? பொம்பளையக் கூட்டிட்டு வா!”

யாரும் சிரிக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் கோப்பை வந்து விழுந்தது. அப்புறம் ஒரு ஜூஸ் டப்பா. லின்வால் மைக்கில், “தயவுசெய்து” என்றான். பாதி கடித்த ஆரஞ்சு ஒன்று பறந்து வந்து, அவன் நெற்றியில் பட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வழிந்து இறங்கியது.

அந்தச் சட்டையை இஸ்திரி போட்டவள் மேடை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளை ஃபேஸி தடுக்கப் பார்த்தான். கையை ஒதுக்கிவிட்டு நேரே வந்து, கணவன் கையிலிருந்த மைக்கை வாங்கினாள். சர்ச்சுக்குப் போட்டுக்கொள்ளும் நீல கவுன், தோளில் கைப்பை.

“ஆரஞ்ச யாரு அடிச்சது?”

கண்ணைக் கூட்டத்தின்மேல் ஓட்டி ஓரிடத்தில் நிறுத்தினாள்.

“மஞ்சத் தொப்பி. ஆமா, உன்னத்தான். பின்னால ஏன் திரும்பிப் பாக்கற? உன் பின்னால செவுருதான் இருக்கு. இந்த வெயில்ல உங்கம்மா உனக்குத் தொப்பி போட்டு அனுப்பியிருக்காங்களே, உள்ள ஏதோ இருக்குன்னு நம்பித்தானே அனுப்பியிருக்காங்க? பாவம், அவங்களுக்குத் தெரியாது.”

மைதானம் வெடித்தது. ஊதல்கள் ஊதின, தகரத்தைத் தட்டினார்கள். மேடைக்குப் பின்னால் ரெக்கார்டு போடுகிறவன் இருபது வருஷ அனுபவசாலி. அவன் விரல் தானாகவே ஒரு தாளத்தை எடுத்து அவள் பேச்சுக்கு அடியில் விட்டது.

“திருப்பிப் போடு! திருப்பிப் போடு!”

“ஏன் திருப்பிச் சொல்லணும்?” மார்வலினுக்கு நிஜமாகவே புரியவில்லை. “ஒரு தடவ சொன்னா ஏறாதா? காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் எனக்கு இதே வேலைதான். ஃபாரத்த நிரப்பிட்டு வான்னா நிரப்பாம வர்றது. நகல் எடுத்துட்டு வான்னா, நகல்னா என்னன்னு கேக்கறது. வரிசைல நில்லுன்னா, நான் யாரு தெரியுமாங்கறது. தெரியும் ராசா, மூணு வருஷமா பாக்கி வச்சிருக்கறவன் நீ. வரிசைல நில்லு!”

நாலாயிரம் பேரும் அந்த மாதிரி ஜன்னல்களில் நின்றவர்கள்தான். “வரிசைல நில்லு!” என்று அவளோடு சேர்ந்து கத்தினார்கள். ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாமல் பன்னிரண்டு நிமிஷம் பேசினாள். மேடையோரத்துப் போலீஸ்காரர் நோட்டை மூடி வைத்துவிட்டுத் தோளை ஆட்டிக்கொண்டிருந்தார். லின்வாலுக்குப் பாட்டில் நிற்கிற இடைவெளிகள் தெரியும். இரண்டாவது மைக் ஒன்று சும்மா கிடந்தது. அவனையறியாமல் அதை எடுத்து, அவள் மூச்சு வாங்குகிற இடங்களில், “நில்லு, நில்லு, கண்ணே நில்லு” என்று மெல்லிசாக இழுத்தான். நெருப்புப் பாட்டுகளில் பதினோரு வருஷமாகக் கட்டைக் குரலில் கத்திக்கொண்டிருந்தவனுடைய சொந்தக் குரல், மேல் ஸ்தாயியில், தேன் மாதிரி இருந்தது. முன்வரிசைப் பெண்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

லின்வாலின் வண்டியில் திரும்பி வரும் வழியில் ஃபேஸி மட்டும் பேசிக்கொண்டே வந்தான். லண்டன், டொரன்டோ, டோக்கியோ என்று ஊர்களாக அடுக்கினான். அவனை வீட்டில் இறக்கிவிட்ட பிறகு கார் அமைதியாகிவிட்டது.

“கோவமா?” என்றாள் மார்வலின்.

“இல்ல.”

“பொய்.”

“ஆறு வாரம் பயிற்சி எடுத்தேன், மார்வ். கண்ணாடி ஏத்திட்டு, வேர்த்து விறுவிறுத்து. நீ கைப்பையக்கூடக் கழட்டாமப் போய் நின்ன.”

“உன்மேல ஆரஞ்சு அடிச்சா நான் பாத்துட்டு நிக்கணுமா?”

அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. இரண்டு நாள் வீட்டில் பாத்திரம் மட்டும்தான் பேசியது. மூன்றாம் நாள் அவள் அலுவலகத்திலிருந்து வந்தபோது அவன் மேஜையில் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தான். ‘நாலாம் நம்பர் ஜன்னல்’ என்று தலைப்பு. மொரன்ட் பேயில் அவள் சொன்னது முழுவதையும் நினைவிலிருந்து எழுதி, பாட்டாகப் பிரித்து, தன் இழுப்புகளை ஓரத்தில் குறித்திருந்தான்.

“‘கண்ணே நில்லு’ன்னு எழுதியிருக்க. வரி பாக்கி வச்சவன யாரு கண்ணேம்பா?” என்றாள்.

“அது பாட்டுக்காக.”

“சரி, இருக்கட்டும்” என்றாள். அவன் எழுதியதில் அவள் எதையும் எடுக்கச் சொல்லாதது அதுதான் முதல் தடவை.

மொரன்ட் பேயில் அவள் பேச்சுக்கு அடியில் ஓடிய தாளத்தின்மேல் இருபது பேர் பாடினார்கள். மற்ற பத்தொன்பதும் யாருக்கும் நினைவில்லை. ‘நாலாம் நம்பர் ஜன்னல்’ பஸ்ஸில், சலூனில், கல்யாணத்தில், சாவு வீட்டில் ஒன்பதாம் நாள் ராத்திரிக் கூட்டத்தில்கூட ஒலித்தது. அரசாங்க அலுவலக வரிசைகளில் ஜனங்கள் அதைப் பாடிக்கொண்டே நின்றதால், வரிசை முன்னைவிட ஒழுங்காக இருப்பதாக மந்திரி ஒருவர் சொல்லி, பெருமையைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டார்.

மார்வலின் மட்டும் வேலையை விடவில்லை. “பாட்டு இன்னிக்கு இருக்கும், நாளைக்குப் போகும். பென்ஷனுக்கு இன்னும் பதிமூணு வருஷம் இருக்கு” என்றுவிட்டாள். அதனால் தீவின் பெரிய பாடகி, சனி ஞாயிறிலும் அரசு விடுமுறைகளிலும் மட்டும்தான் பாடினாள். டோக்கியோவிலிருந்து மூன்றாம் தடவையாக அழைத்தபோது ஃபேஸி அவள் ஜன்னலுக்கே வந்து கெஞ்சினான்.

“சிஸ்டர், ஒரே ஒரு வாரம். மெடிக்கல் லீவு போடுங்க.”

“எனக்கு என்ன வியாதி?”

“ஏதாவது ஒண்ணு எழுதிக்கலாம்.”

“ஃபேஸி, உனக்குப் பின்னால பதினாலு பேர் நிக்கறாங்க. உன் சம்பாத்தியத்துக்கு வரி கட்டியிருக்கியா? எடுத்துப் பாக்கட்டுமா?”

ஃபேஸி அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் வரவில்லை. கணக்குகளும் அந்த மாதத்திலிருந்து ஆச்சரியப்படும்படி ஒழுங்காக வந்துசேர்ந்தன.

ஆகஸ்ட் மாதம் ஒரு ரேடியோ நிலையத்தில் இருவரையும் பேட்டிக்குக் கூப்பிட்டார்கள்.

“ஊரே கேக்கற கேள்வி. அந்த நீதிபதிகிட்ட நீங்க என்ன சொன்னீங்க, மேஜர் கரோலின்?” என்றான் பேட்டி எடுத்தவன்.

“நான் அந்தம்மாவப் பாத்ததேயில்ல.”

அவன் கண்ணீர் வரச் சிரித்தான். “பாருங்க மக்களே, எவ்வளவு சாமர்த்தியம்! நேயர்களுக்காக ஒரு குறிப்பாவது குடுங்களேன்.”

“நிஜமாத்தாம்ப்பா. அதச் சொன்னது இவரு.” லின்வாலைக் காட்டினாள்.

பேட்டி எடுத்தவன் லின்வாலைப் பார்த்தான். கஞ்சி போட்ட சட்டை, மடியில் கையைக் கட்டி உட்கார்ந்திருந்த விதம், தண்ணீர் கொண்டுவந்த பெண்ணுக்கு அவன் எழுந்து நின்று நன்றி சொன்ன விதம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர்களும் சிரித்தார்கள்.

“ஐயா, நீங்களா? எங்க, இப்ப ஒரு தடவ சொல்லுங்க பாக்கலாம்!”

லின்வால் மைக்கருகில் குனிந்தான். மார்வலின் அவனையே பார்த்தாள். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “வேண்டாம்ப்பா, இப்ப கோவம் ஒண்ணும் இல்ல” என்றான்.

வெளியே வந்தபோது அவளுக்கு வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. மதியம்வரைதான் பர்மிஷன் போட்டிருந்தாள். லின்வால் வண்டியை எடுத்தான். சாலை முழுக்க நெரிசல். பக்கத்து வேன்காரர் அவளை அடையாளம் கண்டுகொண்டு, ஜன்னல் வழியாக ஒரு துண்டு ரொட்டியும் சீஸும் நீட்டினார். அவள் வாங்கிப் பாதியைப் பிய்த்துக் கணவனுக்குக் கொடுத்துவிட்டு, சனிக்கிழமைக் கச்சேரிக்கு எந்தச் சட்டை போடப்போகிறான் என்று கேட்டாள். அவன் வாயில் ரொட்டியோடு, புதிதாகப் பழகிக்கொண்டிருந்த ஒரு இழுப்பை மேல் ஸ்தாயியில் பாடிப் பார்த்தான். வேன்காரர் தன் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அவன் பாடுவதைக் கேட்டார்.